டோஆய் ஸ்டேஷனின் 486 படிகள்

ஜப்பானுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது கோடையில் குன்மா மலைப்பகுதியில் இருக்கும் டோஆய் ஸ்டேஷனுக்குப் போனேன். மினகாமியில் மாறி ஏறிய வண்டி கொஞ்ச நேரத்தில் சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வராமலே நின்றது. இறங்க வேண்டிய இடம் அதுதான்.

வெளியே ஆகஸ்ட் வெயில், உள்ளே சில்லென்ற ஈரக்காற்று. வண்டி போனதும் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எதிரே ஒரே நேராக மேலேறும் 462 படிகள், உச்சியில் பொட்டு அளவு வெளிச்சம்.

என்னோடு இறங்கியவர் ஒரு வயதான அம்மா மட்டும்தான். எழுபதைத் தாண்டியிருக்கும். மலையேறும் பை, அதன் ஓரத்தில் செய்தித்தாளில் சுற்றிய பூ. நான் விறுவிறுவென ஏறி, பாதியில் மூச்சு வாங்கி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரே சீராக ஏறி வந்து பக்கத்தில் அமர்ந்து, ஒரு உப்பு மிட்டாயை நீட்டினார்.

இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. 1931-இல் திறந்த பழைய ஷிமிசு சுரங்கத்தில் ஒரே தண்டவாளம்தான். இரட்டைப் பாதைக்காக 1967-இல் இன்னொரு சுரங்கம் திறந்தார்கள். அது மலைக்கு அடியில் தாழ்வாகப் போவதால், நீகாட்டா பக்கம் போகும் வண்டிக்கு நடைமேடை சுமார் 70 மீட்டர் கீழே அமைந்துவிட்டது. டோக்கியோ பக்கம் திரும்பும் வண்டி இன்றும் மேலே, வெட்டவெளியில்தான் நிற்கிறது. படிக்கட்டின் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை அந்த அம்மா காட்டினார். எஸ்கலேட்டருக்காக விட்டதாம், கடைசிவரை வைக்கவே இல்லை.

இளவயதில் இரவு வண்டியில் வந்து, மற்றவர்களை முந்திக்கொண்டு இதே படிகளில் ஓடியதைச் சொன்னார். எல்லோரும் தனிகாவா மலைக்குப் போகிறவர்கள். உயரம் 1,977 மீட்டர்தான். ஆனால் அங்கே இறந்தவர்கள் 800 பேருக்கும் மேல். "இன்று மலைக்கா?" என்று கேட்டேன். இல்லை, இறந்தவர்களின் நினைவிடத்துக்கு என்றார். யாருக்காக என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஆற்றின் மேல் போகும் கூரைப் பாதை, இன்னும் 24 படி. 1985 முதல் இந்த ஸ்டேஷனில் ஊழியர் கிடையாது. வாசலில் நின்று அந்த அம்மா பத்து விரலையும் விரித்துக் காட்டினார். நான் மாலையில் நீகாட்டா பக்கம் இருக்கும் யுசாவாவுக்குப் போக வேண்டியவன் என்று சொல்லியிருந்தேன். கீழ் வண்டிக்குப் பத்து நிமிடம் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். ஆள் இருந்த காலத்தில் அந்த நேரத்தோடு வாசலையே அடைத்துவிடுவார்களாம். போகிறவர்கள் இதை மறக்காதீர்கள், ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் ஆகும்.

மாலையில் இருபது நிமிடம் முன்பே கிளம்பினேன். இறங்கும்போது அதே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காரவும் முடிந்தது.