அல்ட்ராசோனிக் தொட்டியில் பழைய பார்க்கர் 51: இறக்கலாமா, கூடாதா?

மைக்குப்பி:
பழைய பார்க்கர் 51 மைப்பேனா, ஏரோமெட்ரிக் வகை (உள்ளே இருக்கிற பையை அழுத்தி மை ஏற்றுவது). உள்ளே மை காய்ந்து இறுகிப்போயிருக்கிறது. பையை அழுத்தினால் தண்ணீர் ஏறுது, இறங்குது. ஆனால் ரெண்டு வரி எழுதினதும் வறண்டுவிடுது. கண்ணாடி, நகை கழுவுற 600 மில்லி, 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் மெஷின் (மீயொலி அதிர்வால் கழுவுவது) கைவசம் இருக்கு. அதில் போடலாமா?

பழையநிப்பு:
வேண்டாம். 51-இன் ஹூட் (நிப்பை மூடியிருக்கிற முன்கூடு) ஷெல்லாக் என்கிற அரக்குப் பசை பூசித்தான் இறுக்கப்பட்டிருக்கு. அதிர்வும் சூடும் சேர்ந்தா அந்தப் பூச்சு விடும், அப்புறம் கழுத்தில் மை கசியும். முனையைக் கீழே வைத்து, கிளட்ச் வளையத்துக்கு (ஹூட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற உலோக வளையம்) கீழ்வரைக்கும் சாதாத் தண்ணீரில் நிறுத்துங்க. காலை, மாலை தண்ணீரை மாற்றி, ஒவ்வொரு முறையும் பையை 15-20 தடவை அழுத்துங்க. மூணு நாள் பொறுத்தா வேலை முடிஞ்சிடும்.

நாற்பது_கிலோ:
முடியாது சார், காரணம் சொல்றேன். 51-க்குள்ளே மையைத் தேக்கிவைக்கிற கலெக்டர்னு ஒரு பாகம், சீப்புப் பல் மாதிரி வரிவரியா இருக்கும். பையை அழுத்தும்போது தண்ணீர் திறந்திருக்கிற வழியில்தான் ஓடும். அடைபட்ட வரிகளுக்குள்ளே அது போகவே போகாது. அதனால்தான் வெளியே தெளிஞ்ச தண்ணீர் வருது, எழுதினா வறண்டுபோகுது. மெஷினில் நுண்குமிழிகள் தோன்றி உடையும்போது, அந்தத் தாக்கம் வரிகளுக்குள்ளேயே விழுது.

முழுப் பேனாவையும் போடச் சொல்லலை. ஹீட்டர் இருந்தா அணைச்சிடுங்க. சின்னக் கண்ணாடி டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. டம்ளரைத் தொட்டித் தண்ணீருக்குள் வைங்க, அதிர்வு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். பேனாவைச் செங்குத்தாப் பிடிச்சு ஹூட்டை மட்டும் நனையவிடுங்க. வளையம் நனையக்கூடாது, நிப்பு அடியில் தட்டக்கூடாது. விரல் தண்ணீரில் படவேண்டாம். 90 விநாடி ஓட்டி, பையை அழுத்திக் கழுவி, மறுபடி 90 விநாடி. நாலு சுற்று போதும்.

பழையநிப்பு:
சூட்டை லேசா எடுத்துக்கிறீங்க. ஹீட்டர் இல்லாத மெஷினும் தொடர்ந்து ஓடினா தண்ணீரைச் சூடாக்கும். இன்னொண்ணு, ஹூட்டில் மயிரிழை விரிசல் இருந்தா அதிர்வு அதைப் பெரிசாக்கும். லென்ஸ் வைத்துப் பார்க்காமல் இறக்கவே கூடாது.

நாற்பது_கிலோ:
விரிசல் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். சூட்டுக்குத்தான் 90 விநாடியோட நிறுத்தச் சொன்னது. சுற்றுக்குச் சுற்று டம்ளர் தண்ணீரையும் மாத்தணும். ஷெல்லாக் இளக 70 டிகிரியை ஒட்டி வேணும், இங்கே வெதுவெதுப்பு வந்தாலே நிறுத்திடுறோம். தண்ணீரில் நாள்கணக்கில் ஊறினாலும் ஷெல்லாக் வெளுத்துப் பலம் குறையும் என்பதை நீங்களும் கணக்கில் சேர்க்கணும்.

திருவள்ளூர்_எபோனைட்:
51-க்கு நீங்க சொல்றது பொருந்தலாம். இதைப் படிச்சுட்டு யாராவது ரங்கா, ரத்னம் மாதிரி எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவைத் தொட்டியில் போட்டுவிடக்கூடாது, அதுக்காகத்தான் எழுதுறேன். எபோனைட் உடம்பு வெந்நீர் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்படிக்கும், பாலிஷ் போகும். ஐ-ட்ராப்பர் பேனாவில் (சொட்டுக்குழாயால் நேரே உடம்புக்குள் மை ஊற்றுவது) நிப்பையும் அதுக்கு அடியில் மை கொண்டுவருகிற நாக்கையும் கழற்றி அவற்றை மட்டும் கழுவினால் போதும். கேசின் (பால் புரதத்தில் செய்த பிளாஸ்டிக்) பேனா தண்ணீரிலேயே ஊதிப்போகும், அதுக்கு எந்தத் தொட்டியும் கிடையாது. முலாம் ஏற்கெனவே உரியத் தொடங்கின கிளிப், வளையம் எதையும் மெஷினில் காட்டாதீங்க.

மைக்குப்பி:
அம்மோனியா கலக்கலாமா? ஸ்பிரிட்?

பழையநிப்பு:
ஸ்பிரிட் கூடவே கூடாது. 51-இன் உடம்பு அக்ரிலிக், ஆல்கஹால் பட்டால் நுண்விரிசல் விடும், ஷெல்லாக்கையும் கரைச்சிடும். வீட்டு உபயோக அம்மோனியா ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு, அதுவும் சாதாச் சாய மைக்கு மட்டும். பித்தளை, அலுமினியப் பாகம் உள்ள பேனாவில் வேண்டாம். பிளீச்சோட அம்மோனியாவைச் சேர்த்தா விஷவாயு வரும், ரெண்டையும் ஒரே மேசையில்கூட வைக்காதீங்க.

நாற்பது_கிலோ:
இதில் முழுசா உங்க பக்கம். பிளாட்டினம் புளூ-பிளாக் மாதிரி இரும்புச்சத்து உள்ள மைன்னா அம்மோனியாவே வேண்டாம், காரம் பட்டா அந்தப் படிவு இன்னும் இறுகும். அதுக்கு 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் சுத்தமான வைட்டமின் சி தூள், ஊறவெச்சு உடனே நல்ல தண்ணீரில் அலசணும்.

பழையநிப்பு:
மைக்குப்பி, மெஷினில் இறக்குவதானால் ஒண்ணு மறக்காதீங்க: மெஷின் மையைக் கிளப்பிவிடும், வெளியேற்றாது. கிளம்பினதை உடனே கழுவலைன்னா அதே வரியில் திரும்பப் படியும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு நிப்பைக் கீழே பார்த்து டிஷ்யூவில் ஒரு மணி நேரம் நிறுத்துங்க. டிஷ்யூவில் நீலம் ஊறினால் கலெக்டரில் மை பாக்கி இருக்கு. வெறும் ஈரம் மட்டும் வந்தால் மை ஏற்றி எழுதிப் பாருங்க.