‘படிக்க மட்டும்’ என மாற்றிய பக்கத்தில் மற்றொரு கோர் எழுதிவிடுகிறது

கேள்வி:
வணக்கம். எக்ஸ்86-64 செயலிக்காக எழுதிவரும் சிறு கெர்னலில் (இயக்க முறைமையின் மையப் பகுதி), ஒரு நினைவகப் பக்கத்தைப் ‘படிக்க மட்டும்’ என மாற்றும் சிஸ்டம் கால் (பயனர் நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) ஒன்றைச் சேர்த்துள்ளேன். பக்கங்களின் முகவரியையும் அனுமதியையும் வைத்திருக்கும் பக்க அட்டவணையின் பதிவில், எழுதும் அனுமதிக்குரிய 1-ஆம் பிட்டை நீக்கியதும், அம்முகவரிக்குச் செயலி சேமித்துவைத்த பழைய பதிவை நீக்கும் இன்வ்எல்பிஜி ஆணையை இயக்குகிறேன். ஒரே கோரில் ஓட்டும்போது, எழுத முயலும் நிரல் பேஜ் ஃபால்ட்டில் (பக்கத்தை அணுக முடியாதபோது செயலி எழுப்பும் பிழை) சரியாக நிற்கிறது. பிழைக் குறியீடு 7. நான்கு கோர்களில் ஓட்டினால் மட்டும், இன்னொரு த்ரெட் சில வேளைகளில் தடையின்றி எழுதிவிடுகிறது. அட்டவணையில் அந்தப் பிட் 0 ஆகவே இருக்கிறது. எங்கே தேடுவது?

பதில் 1:
குறியீடு 7 என்பது, பக்கம் நினைவகத்தில் இருந்தது, பயனர் நிலையிலிருந்து எழுத முயன்றதால் அனுமதி மறுக்கப்பட்டது என்பதையே காட்டுவதால், உங்கள் அட்டவணை சரியாகவே உள்ளது. ஆனால் ஒவ்வொரு கோருக்கும் தனி டிஎல்பி (அட்டவணையிலிருந்து படித்த முகவரிகளையும் அனுமதிகளையும் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு) உண்டு. இன்வ்எல்பிஜி தன்னை இயக்கிய கோரின் டிஎல்பியை மட்டுமே தொடும். மற்ற கோர்கள், தாம் முன்பே படித்துவைத்த பழைய அனுமதியை நம்பி எழுதுகின்றன. பதிவை மாற்றிய பின், அந்த முகவரிவெளியைப் பயன்படுத்தும் எல்லாக் கோர்களுக்கும் ஐபிஐ (ஒரு கோர் மற்றொன்றுக்கு அனுப்பும் இன்டரப்ட்) அனுப்பி, ஒவ்வொன்றும் தன் டிஎல்பியில் உள்ள பழைய பதிவை நீக்கிவிட்டதாகத் தெரிவிக்கும்வரை காத்திருந்த பிறகே சிஸ்டம் கால் திரும்ப வேண்டும். இன்டரப்டை அணைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் அப்படிச் செய்தால், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று நின்றுவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதுதான் காரணம். கூடவே, பிட்டை எப்படி நீக்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பதிவைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதும் இடைவெளியில் வேறொரு கோர் அதே பதிவில் டர்ட்டி பிட்டை (பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது என்ற குறி) ஏற்றியிருந்தால், அது தொலைந்துபோகும். பிறகு மாற்றமடைந்த பக்கத்தை வட்டில் எழுதாமலேயே கெர்னல் கைவிடக்கூடும். இடையில் வேறு கோர் நுழையாதபடி தடுக்கும் லாக் முன்னொட்டுடன் கூடிய ஆண்ட் ஆணை இதற்குப் போதும்.

கேள்வி கேட்டவர்:
ஐபிஐ சேர்த்த பின் பயனர் நிரல்கள் எல்லாக் கோர்களிலும் சரியாகத் தடுக்கப்படுகின்றன. மிக்க நன்றி. ஆனால் கோப்பைப் படிக்கும் சிஸ்டம் காலுக்கு அதே பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், கெர்னல் அதில் எழுதிவிடுகிறது. அதுவும் கெர்னல் துவங்கிய முதல் கோரில் நடப்பதில்லை.

பதில் 1:
‘முதல் கோரில் நடப்பதில்லை’ என்பதிலேயே விடை இருக்கிறது. சிஆர்0 பதிவேட்டின் 16-ஆம் பிட்டான டபிள்யூபி 0 ஆக இருந்தால், கெர்னல் நிலையில் ஓடும் நிரலை ‘படிக்க மட்டும்’ என்ற அனுமதி கட்டுப்படுத்தாது. சிஆர்0 கோருக்குக் கோர் தனித்தனி. மற்ற கோர்கள் எழும்போது இந்தப் பிட் 0 ஆகவே இருக்கும் என்பதால், அவற்றின் துவக்க நிரலிலும் அதை ஏற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் ஃபோர்க்கிற்குப் (ஒரு நிரலின் பிரதியை உருவாக்கும் அழைப்பு) பிறகான காப்பி-ஆன்-ரைட்டும் (எழுதும்வரை இரண்டும் ஒரே பக்கத்தைப் பகிரும் முறை) உடைந்து, ஒரு நிரலுக்காகக் கெர்னல் எழுதுவது இன்னொன்றின் நினைவகத்தில் தெரியும். ஏற்றிய பின்பும் எழுத்து நுழைந்தால், அதே பௌதிகப் பக்கம் கெர்னலின் நேரடி வரைபடத்தில் (பௌதிக நினைவகத்தைக் கெர்னல் நேராக அணுகும் முகவரிப் பகுதி) எழுதும் அனுமதியுடன் இருக்கிறதா, காப்பி செய்யும் நிரல் அவ்வழியே போகிறதா என்று பாருங்கள்.