10 லிட்டர் கறவைக்குத் தீவனக் கணக்கு (மூணு ஊர் மாடு வளர்ப்பவங்க பேச்சு)

தேவகோட்டை: அண்ணே, ஜெர்சி கலப்பினப் பசு, 400 கிலோ எடை, நாளைக்கு 10 லிட்டர் கறக்குது. வைக்கோல் 6 கிலோ, கோ-4 பசும்புல் 10 கிலோ, தவிடு, கடலைப்பிண்ணாக்கு, ரெண்டு வேளையும் அரிசிக் கஞ்சி. பால்ல கொழுப்பு 3.2 சதவீதத்தைத் தாண்டலை. என்ன மாத்தணும்?

காரைக்குடி: முதல்ல கஞ்சியை நிறுத்துங்க தம்பி. வெந்த மாவு வயித்துல சட்டுன்னு புளிச்சு அமிலமாகும். நாரைச் செரிக்கிற நுண்ணுயிர் குறையும், கொழுப்பும் இறங்கும். அடர்தீவனம், அதாவது தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம், உடம்பைப் பராமரிக்க 1.5 கிலோ, 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ, ஆக 5.5 கிலோ. மூணு வேளையாப் பிரிச்சு வைங்க. 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 37, பிண்ணாக்கு 28, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. பத்து நாள்ல படிப்படியா மாத்துங்க, ஒரே நாள்ல மாத்தினா கழிச்சல் வரும்.

திருப்பத்தூர்: தாது உப்பை விட்டுடாதீங்க. வைக்கோல்ல இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சுக்கும். பசுந்தீவனத்துல கால் பங்கு வேலிமசால்ங்கிற பயறு வகைத் தீவனம் சேருங்க, புரதம் ஏறும், பிண்ணாக்குச் செலவும் குறையும். ஐப்பசி அடைமழையில பிண்ணாக்கு பூஞ்சை பிடிச்சிருந்தா கண்டிப்பா வைக்காதீங்க. அந்த நஞ்சு பாலுக்கும் வரும்.

தேவகோட்டை: வைக்கோலுக்கு யூரியா தெளிக்கலாமா?

காரைக்குடி: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணியில முழுசாக் கரைச்சு, அடுக்கடுக்காத் தெளிச்சு, காத்துப் புகாம 21 நாள் மூடுங்க. மாட்டுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் காத்தாட விடுங்க. ஆறு மாசத்துக்குக் கீழான கன்னுக்கு வேண்டவே வேண்டாம்.