மீனாட்சி இல்லம் குழு: மாமாவின் பின்சக்கரம்

முரளி: கார்த்தி, என் சைக்கிளின் பின்சக்கர ரிம் விரிசல் விட்டுவிட்டது. இங்கே நெதர்லாந்தில், உத்ரெக்டில் ஒருவர் 28 அங்குலச் சக்கரத்தை மலிவாகத் தருகிறார். என்னுடையது 26. ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டித் தருவாயா?

சுந்தரி: சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிப்பாயே, அந்த ஈசிச்சேர் சைக்கிளா? இன்னும் அதில்தான் வேலைக்குப் போகிறாயா?

ராதா: முதுகுவலி வந்தது முதல் அதை விடமாட்டேன் என்கிறார், அண்ணி.

கார்த்தி: மாமா, பணம் கொடுத்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 40-559 என்பது போல எழுதியிருக்கும். இரண்டாவது எண், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். உங்கள் 26க்கு 559, அவர் தரும் 28க்கு 622. வித்தியாசத்தில் பாதி 31.5 மி.மீ. உங்களுடையது ரிம்மைப் பிடிக்கும் பிரேக். கட்டை அவ்வளவு உயரம் எட்டாது. டிஸ்க் பிரேக் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

வசந்தா: அப்பாவின் சைக்கிள் சக்கரமும் 28தானே?

சுந்தரி: அது எங்கே இருக்கிறது? உன் வீட்டுக்காரர்தான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாரே.

வசந்தா: ஆரம்பித்துவிட்டாயா அக்கா.

கார்த்தி: இருந்தாலும் பொருந்தாது சித்தி. தாத்தாவுடையது 28க்கு ஒன்றரை அங்குலம் என்ற வேறு அளவு. அது 635.

பாலு: அத்தை சொல்லித்தான் போட்டேன்.

முரளி: சக்கரம் பெரிதானால் வேகம் கூடும் என்கிறாரே?

கார்த்தி: அதே தடிமன் டயர் என்றால் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் தூரம். அந்தப் பாரம் முட்டியில்தான் இறங்கும். எழுந்து நின்று மிதிக்க இதில் வழியில்லை. பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகும், ஹேண்டில் படபடக்கும். உடனே முன்சக்கரத்தையும் மாற்றலாம் என்பீர்கள். அது 20 அங்குலம். அதிலேயே 406, 451 என்று இரண்டு அளவு உண்டு. பெரியதைப் போட்டால் திரும்பும்போது குதிகால் இடிக்கும்.

சுந்தரி: அந்த ஊரில் மேடே கிடையாதே?

ராதா: பாலம் இருக்கிறது அண்ணி. எதிர்க்காற்றும்.

வசந்தா: சைக்கிளை விடுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு யார் யார் வருகிறீர்கள்? சமையல்காரர் கேட்கிறார்.

ராதா: விடுப்பு கிடைத்தால்.

பாலு: போன கல்யாணத்துக்கும் இதையேதான் சொன்னார்கள்.

முரளி: சரி, 26க்கே ரிம் பார்க்கிறேன். ஆனால் அவர் இன்னும் விலையைக் குறைக்கிறார்.

கார்த்தி: மாமா!

சுந்தரி: கார்த்தி, ஞாயிற்றுக்கிழமை போகும்போது ராதாவின் ஊறுகாயையும் கொண்டுபோ.

ராதா: எந்த ஊறுகாய்?