ஆற்றில் கழிவு விட்டால் 1 கோடி ரிங்கிட்: யாருக்குப் பயம்?

செந்தூல் பட்டறை:
2020 செப்டம்பரை மறந்துவிட்டீர்களா? ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து நாறியது. நான்கு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க் கட்டணக் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. நான் வாளியோடு நான்கு மாடி ஏறி இறங்கினேன். 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி, ஆற்றைக் கெடுத்தால் 1 லட்சம் ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதத்தை 1 கோடியாக்கினார்கள். சரி, நாறிய பிறகு வாங்கும் பணம் எதைத் தடுக்கும்? மத்திய அரசின் சுற்றுச்சூழல் இலாகாவான ஜாஸும் சரி, சிலாங்கூரின் நீர்வள வாரியமான லுவாஸும் சரி, மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசியில் வருகிறவர்கள்தான்.

மாதிரிப் போத்தல்:
அண்ணே, நான் கழிவுநீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். தடுக்கும் வேலை செய்தியில் வராது, அவ்வளவுதான். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் தொழிற்சாலையின் கழிவுநீருக்குக் கடுமையான ஏ தரம், மற்றவர்களுக்குச் சற்றுத் தளர்ந்த பி தரம். ஏ தரத்தில் பிஓடி, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு, லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சுத்திகரிப்பு அமைப்பைப் பார்த்துக்கொள்ளச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும். தொழிற்சாலையே தன் கழிவுநீரைச் சோதித்து ஜாஸுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

செந்தூல் பட்டறை:
தொழிற்சாலையே சோதிக்குமா! திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை.

மாதிரிப் போத்தல்:
பாதி உண்மை. ஒருமுறை எனக்கு வந்த போத்தலில் கழிவுநீர் கண்ணாடி மாதிரி இருந்தது, குளோரின் வாசம் வேறு. குழாயைத் திறந்து பிடித்திருக்கிறார்கள்! சந்தேகத்தை அறிக்கையில் எழுதினேன், அதற்கு மேல் என் கையில் இல்லை. அதனால்தான் அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தாங்களே மாதிரி எடுக்கிறார்கள், முத்திரை வைத்து இரசாயன இலாகாவுக்கு அனுப்புகிறார்கள். நீதிமன்றத்தில் நிற்பது அந்தப் போத்தல்தான், என்னுடையது அல்ல.

ரவாங் அக்கா:
இரண்டு தம்பிகளும் போத்தலைப் பற்றியே பேசுகிறீர்கள். போன வருடம் எங்கள் வீட்டுப் பின்கால்வாயில் பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் வாடை. ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டால், கால்வாய் எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அடுத்த இடத்தில், ஆற்றில் கலந்த பிறகு சொல்லுங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் மழை பெய்தது. நான்காம் நாள் அதிகாரி வந்தார், பாவம், நல்ல பிள்ளை, மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்றார். நிலமும் ஆறும் மாநிலத்துடையது, வியாபார லைசென்ஸ் நகராண்மைக் கழகத்துடையது, கழிவுச் சட்டம் மத்திய அரசுடையது. நாற்றம் மட்டும் எங்களுடையது.

மாதிரிப் போத்தல்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. மழைக்கு முன் மாதிரி எடுக்காவிட்டால் வழக்கே இல்லை, அது நிஜம்.

செந்தூல் பட்டறை:
பார்த்தீர்களா! பெரிய ஆள் இரவில் லாரியோடு வந்து கொட்டிவிட்டுப் போவான். என்னைப் போன்ற சின்னப் பட்டறைக்காரனிடம் வந்து டிரம்மில் லேபல் எங்கே என்று கேட்பார்கள். மூன்றே மூன்று டிரம் பழைய எஞ்சின் எண்ணெய், ஓரமாக வைத்திருக்கிறேன். யாருக்கு என்ன கெடுதல்?

மாதிரிப் போத்தல்:
அண்ணே, பழைய எஞ்சின் எண்ணெய் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு, எண் 305. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக்கூடாது, லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுத்துவிட வேண்டும். ரவாங் வரை போவானேன், மழை வந்து அந்த டிரம் கவிழ்ந்தால் உங்கள் வாசல் கால்வாய் போதும். எப்போதிலிருந்து வைத்திருக்கிறீர்கள்?

செந்தூல் பட்டறை:
சீனப் பெருநாள் சமயத்தில் நிரப்பியது.

ரவாங் அக்கா:
தம்பி, தீபாவளி வந்துவிட்டது.