மகனோட மன்னார் வளைகுடா, கையில ஐயாயிரம்: தீவுல டென்ட் போட முடியுமா?

அருப்புக்கோட்டை தையல்காரி:

அரையாண்டு லீவுக்கு மகனை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும். ஒன்பதாவது படிக்கிறான். அடுத்த வருசம் பத்தாவது. டியூஷன், டெஸ்ட்டுன்னு போயிட்டா ஆளைக் கையில பிடிக்க முடியாது. அவங்கப்பா சவுதில இருக்காரு, அதனால நானும் அவனும் மட்டும்தான்.

அவன் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. நேஷனல் பார்க்ல டென்ட் போட்டு ராத்திரி தங்கணுமாம். எவனோ ஒரு வெள்ளைக்காரன் காட்டுக்குள்ள டென்ட் அடிச்சு நூடுல்ஸ் கிண்டுற வீடியோவைப் பாத்துட்டு, ஆன்லைன்ல ரெண்டு பேர் படுக்குற டென்ட்டையும் வாங்க வச்சுட்டான். அது பீரோ மேல கிடக்கு. முதுமலை, டாப்ஸ்லிப்புன்னு விசாரிச்சுப் பாத்தேன். ரூம் வாடகை, ஜீப் சவாரின்னு கூட்டினா நமக்கு எட்டல. அப்பத்தான் ராம்நாட்டுப் பக்கமே ஒரு நேஷனல் பார்க் இருக்கு, எல்லாம் தீவுன்னு சொன்னாங்க.

கையில ஐயாயிரம், ரெண்டு ராத்திரி. தீவுல டென்ட் போட விடுவாங்களா? பொம்பளையும் பையனுமா தனியாத் தங்க எந்த ஊரு தோதுப்படும்? அவனுக்கு நீச்சல் தெரியாது. கோயில் குளம்னா வர மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டான், அதையும் சொல்லிடுறேன்.

மண்டபம் டீக்கடை:

தங்கச்சி, கெட்ட சேதியை முதல்ல சொல்லிடுறேன். தீவுல தங்க விடமாட்டாங்க. டென்ட்டுக்கு மட்டும் இல்ல, நம்ம இஷ்டத்துக்குப் போய் இறங்கவே கூடாது. தூத்துக்குடில இருந்து பாம்பன் வரைக்கும் 21 தீவு, 560 சதுர கிலோமீட்டர், 1986ல தேசியப் பூங்கா ஆச்சு. பவளப்பாறையை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்ததுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ளயே போயிருச்சு. மிச்சத்தையாச்சும் காப்பாத்தணும்னுதான் இவ்வளவு கெடுபிடி. அதுபோக, இந்தப் பார்க்ல கிட்டத்தட்ட எல்லாமே தண்ணிதான். பாக்க வேண்டியது எல்லாம் தண்ணிக்கு அடியில இருக்கு. டென்ட்டை எங்க ஊன்றது?

அதனால நான் சொல்றது, படுக்கைக்குச் செலவு பண்ணாதீங்க, படகுக்குப் பண்ணுங்க. ரூம்ல எப்படியும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கிடக்கப் போறோம், அதுக்கு எதுக்கு ரெண்டாயிரம்?

ராமேஸ்வரத்துல தங்காதீங்க. மார்கழில ஐயப்ப சாமிமார் பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க. மத்த நாள்ல எழுநூறு, எண்ணூறுன்னு குடுக்குற ரூமுக்கு அன்னைக்கு என்ன சொல்றான்னு அவனுக்கே தெரியாது. ராமநாதபுரத்துலயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடும்பம் தங்குற லாட்ஜ் பாருங்க. ரெண்டு பேர் ஆதாரும் எடுத்துக்குங்க, பையனோடதையும் கேப்பான். அங்க இருந்து மண்டபம், பாம்பனுக்கு பஸ் ஓடிக்கிட்டே இருக்கும்.

அடுத்தது காத்து. இதை வெளியூர்க்காரங்க யாரும் கேக்குறதில்ல, ஆனா எங்களுக்கு இதுதான் காலண்டர். எங்க பக்கம் ரெண்டு கடல். வடக்க இருக்குற பாக் விரிகுடா பெண்கடல், தெக்க மன்னார் வளைகுடா ஆண்கடல். பேரைப் பாத்து ஏமாறாதீங்க. வாடைக்காத்து அடிக்கிற மார்கழில பெண்கடல்தான் ஆடும், ஆண்கடல் குளம் மாதிரி கிடக்கும். மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கிற ஆனி, ஆடில அப்படியே தலைகீழ். நீங்க வர்ற நேரம் தெக்குப் பக்கம்தான் சரி, பார்க்கும் அந்தப் பக்கம்தான். அரியமான், பிரப்பன்வலசை எல்லாம் வடகரை. கயாக் ஓட்டலாம், கடற்புல் பாக்கலாம்னு வீடியோல அழகாக் காட்டுவான். டிசம்பர்ல அலை இருந்தா எடுக்க மாட்டாங்க. அதை நம்பி மட்டும் வந்துடாதீங்க.

பாம்பன் தாண்டி குந்துகால்னு ஒரு இடம். 1897ல விவேகானந்தர் வந்து இறங்கினது அங்கதான், மண்டபம் கட்டி வச்சிருக்காங்க. அங்க இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுது. சட்டப்படி பார்க்குக்குள்ள போக அது ஒரு வழி. லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஏத்துவாங்க, நீச்சல் தெரியாட்டி பரவாயில்ல. முதல் நாளே போன் போட்டு, படகு உண்டா, தலைக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. ஐயாயிரத்துல ஆயிரத்தைந்நூறை இதுக்குன்னு தனியா மடிச்சு வைங்க. மிச்சம் வந்தா சந்தோசம்.

காசே இல்லாம பாக்குறதும் உண்டு, எனக்குப் பிடிச்சது அதுதான். வேதாளை, சீனியப்பா தர்கா பக்கம் தென்கரைல காலங்காத்தால இறங்கி நடங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தீங்கன்னா கடல் நல்லா வத்தும். முழங்கால் தண்ணில ரொம்ப தூரம் போகலாம், அதுக்கு மேல வேண்டாம். மருமகன்கிட்ட ஒண்ணு சொல்லி வைங்க, காலைத் தூக்கித் தூக்கி வைக்கக் கூடாது, மண்ணைத் தேய்ச்சுக்கிட்டே நடக்கணும். திருக்கை மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். தேய்ச்சா விலகிப் போயிரும், மிதிச்சா வாலால குத்தும். பழைய கேன்வாஸ் ஷூ கட்டாயம், சிப்பி ஓடு பிளேடு.

குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க. கடற்புல் ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கும். தாள்ல வெள்ளை வெள்ளையாச் சுண்ணாம்பு ஒட்டினாப்புல இருக்கும், அத்தனையும் உயிர். நடுவுல மண்ணு லேசாப் புகைஞ்சா ஏதோ ஒரு குட்டி மீனு இப்பத்தான் ஓடியிருக்குன்னு அர்த்தம். நாங்க ஆவுளியான்னு சொல்ற கடல்பசு இந்தப் புல்லைத்தான் மேயும். அது கண்ணுல படும்னு ஆசை காட்டாதீங்க, கடல்லயே பிறந்து வளந்தவன்ல பாதிப்பேர் பாத்ததில்ல. பாசி எடுக்கப் போற பொம்பளைங்களைப் பாப்பீங்க. விரலுக்கு விரல் துணியைச் சுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடிச்சு முங்கி எழுந்திரிப்பாங்க. பார்க் வந்ததுல அவுங்க பொழப்புத்தான் ரொம்ப அடி வாங்குச்சு. தீவுக்கரைல பாசி எடுக்கப் போனா விரட்டுறாங்க. அதையும் பையனுக்குச் சொல்லுங்க, பார்க்குன்னா ஆமையும் மீனும் மட்டும் இல்ல.

எதையும் பையில போடக் கூடாது. பவளத் துண்டு, கடல் தரையில புழு மாதிரி கிடக்குற கடல் அட்டை, எதுவும். கடல் அட்டையைத் தொட்டா புலியைச் சுட்டவனுக்குப் போடுற அதே சட்டந்தான்.

கண்டிப்பா ரயில். மண்டபத்துல ஏறி ராமேஸ்வரம் வரைக்கும் பாசஞ்சர்ல போங்க, டீ வடைக்குக் குடுக்குற காசுதான் ஆகும். 1914ல கட்டின பழைய பாலத்துக்குப் பக்கத்துலயே புதுசு, 2025 ஏப்ரல்ல திறந்தாங்க. கப்பல் வந்தா நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளத்தோட அப்படியே நேரா மேல தூக்கும். ஜன்னலோரம் உக்காந்தா ரெண்டு கடலையும் பாத்துடலாம்.

கடலோடி:

இவ்வளவு பயப்பட வேண்டியதில்ல. ரெண்டாயிரம் குடுத்தா வள்ளத்துல கொண்டு போய் முசல் தீவுல இறக்கி விட்டுட்டுக் காலைல வந்து ஏத்திக்குவாங்க. யாரு வந்து பாக்கப் போறா?

மண்டபம் டீக்கடை:

யாரு பாக்கப் போறாவா? வனத்துறை, கோஸ்ட் கார்டு, நேவி, மரைன் போலீஸ், க்யூ பிராஞ்ச். ராத்திரி தீவுல ஒரு டார்ச் அடிச்சாப் போதும். மஞ்சள், பீடி இலை, கடல் அட்டைன்னு எல்லாக் கடத்தலும் நடக்குற கடல் இது. தையல் மிஷின் மிதிச்சுச் சேத்த காசுல வர்ற பொம்பளையும் பதினாலு வயசுப் பையனும் ஸ்டேஷன்ல உக்காந்து, டென்ட்டு எதுக்குன்னு விளக்கம் சொல்லணுமா? இறக்கி விட்டவன் வள்ளமும் போயிரும். தீவுல குடிக்கத் தண்ணிக்கு என்ன வழின்னு நீ சொல்லவே இல்லையே தம்பி.

கீழக்கரைக் காக்கா:

டீக்கடைக்காரர் சொன்னது எல்லாம் சரி, ஆனா அவருக்கு மண்டபத்துக்கு மேக்க உலகம் இல்ல. தங்கச்சி, ராமநாதபுரத்துல தங்குறதா இருந்தா சக்கரக்கோட்டை கண்மாய் பக்கத்துலயே இருக்கு. பறவைகள் சரணாலயம், 2025ல ராம்சர்னு சொல்ற, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்லயும் சேத்துட்டாங்க. மழை நல்லாப் பெஞ்சு கண்மாய் நிறைஞ்சிருந்தா கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை எல்லாம் கருவேல மரத்து மேல நிக்கும். ஆட்டோக் காசுதான் செலவு.

படகு குந்துகால்ல கிடைக்காட்டி ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன்வலசை வாங்க. அதுவும் தென்கடல்தான், அங்கயும் படகு உண்டு. திரும்பிப் போறப்ப கீழக்கரைல இறங்கி தொதல்னு ஒரு இனிப்பு வாங்கிக்குங்க. தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டினது, ஊரு போய்ச் சேருற வரைக்கும் கெடாது. கால் கிலோ போதும், அதுக்கு மேல திகட்டும்.

தொண்டி ராசா:

காரங்காட்டை ஏன் யாருமே சொல்லல? தேவிபட்டினம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலைல வந்தா இருக்கு. அலையாத்திக் காட்டுக்குள்ள படகு. ஊர்க்காரங்களே வனத்துறையோட சேந்து நடத்துறாங்க. வடகரைன்னாலும் வாய்க்காலுக்குள்ள போறதால காத்து உறைக்காது. மீன் சாப்பாடும் சொன்னா செஞ்சு குடுப்பாங்க. பையனுக்குக் காடு வேணும்னா, இந்த மாவட்டத்துல இதுதான் காடு.

அருப்புக்கோட்டை தையல்காரி:

எல்லா அண்ணன்மாருக்கும் நன்றி. பையனே உக்காந்து எல்லாத்தையும் படிச்சான். தீவு இல்லைன்னதும் மூஞ்சி தொங்கிப் போச்சு, திருக்கை சேதி வந்ததும் சரியாயிட்டான். ராமநாதபுரத்துல தங்கி ஒரு நாள் குருசடை, மறுநாள் காலைல வேதாளை, அப்புறம் ரயில்னு முடிவு பண்ணியிருக்கோம். காரங்காடு காசு மிஞ்சினா. ஆனா டென்ட்டை விட மாட்டேங்குறான். தனுஷ்கோடி மணல்ல போடலாமான்னு கேக்கச் சொல்றான். அங்க சிலோன் டவர் எடுக்கும்னு வேற யாரோ சொன்னாங்களாம்.

மண்டபம் டீக்கடை:

தனுஷ்கோடில ராத்திரி தங்க விட மாட்டாங்க, சாயங்காலமே எல்லாரையும் கிளப்பி விட்டுருவாங்க. பகல்ல போயிட்டு வாங்க, ராமேஸ்வரத்துல இருந்து டவுன் பஸ் இருக்கு. 1964 டிசம்பர் புயல்ல போன ஊரு, சர்ச்சுச் சுவரு இன்னும் நிக்குது. பொடி மணல்ல எங்க குழி தோண்டி ஊத்துத் தண்ணி எடுக்குறாங்கன்னு அங்க இருக்குற மீனவக் குடிசைல கேளுங்க, ரெண்டு பக்கமும் உப்புக் கடலை வச்சுக்கிட்டு நடுவுல நல்ல தண்ணி. நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணி பாட்டிலும் எடுத்துட்டுப் போங்க.

டென்ட்டுக்கு ஒரு வழி இருக்கு. உச்சிப்புளி, அரியமான் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள வீடு வாடகைக்கு விடுறவங்க இருக்காங்க. நம்ம டென்ட்டை நாமளே கொண்டு வந்தா தோப்புக்குள்ள போட விடுவீங்களா, பாத்ரூம் எங்கன்னு ரெண்டையும் போன்லயே கேளுங்க. ரெண்டு ராத்திரில ஒண்ணை அங்க வச்சுக்கலாம். காம்ப்னு போர்டு மாட்டி வச்சிருக்குறவன்கிட்ட போனா லாட்ஜை விட ஜாஸ்தி கேப்பான். தேங்காய் இருக்குற மரத்தடில மட்டும் போடாதீங்க. வாடைக்காத்து இழுக்கும், கூட வர்ற குச்சி ஆணி எங்க மணல்ல நிக்காது. நாலு பழைய சாக்குப் பையைக் கொண்டு வந்து மணலை ரொப்பி, கயித்தைக் கட்டிப் புதைக்கச் சொல்லுங்க. தார்ப்பாய் ஒண்ணு கைவசம் இருக்கட்டும், மார்கழின்னாலும் மழை ஒரு தூறல் போட்டுட்டுத்தான் போகும்.

சிலோன் டவர் உண்மைதான். தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனைல இருந்து இலங்கைல இருக்குற தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் கூட இல்ல. போனதும் "இலங்கைக்கு வருக"ன்னு மெசேஜ் வந்தாலும் வரும். ரோமிங்கை ஆஃப் பண்ணிட்டு பஸ் ஏறச் சொல்லுங்க.