கொல்கத்தா தெருப் படங்களில் என் பார்வை தென்படவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரைக்காரனான நான் 2021 முதல் கொல்கத்தாவில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தெருப் புகைப்படங்கள் எடுத்தும், இது என் பார்வை என்று சொல்லத்தக்க எதையும் அவற்றில் காண முடியவில்லை.

கேமரா ரிக்கோ ஜிஆர் 3. ஸ்னாப் ஃபோகஸை (முன்கூட்டியே குறித்த தூரத்தில் குவியம் வைக்கும் வசதி) 2 மீட்டரில் நிறுத்தி, லென்ஸ் துளை அளவை எஃப் 8இல் வைத்து எடுக்கிறேன். கூர்மையிலோ வெளிச்சத்திலோ குறையில்லை. ஆனால் ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தையின் செண்டுமல்லி மாலைகளும், சிலை செய்வோர் வாழும் குமார்டுலியில் வைக்கோல் கட்டின்மேல் களிமண் பூசப்படும் துர்க்கையும், காலேஜ் தெருப் புத்தகக் கடைகளும் யார் எடுத்தாலும் இப்படித்தான் வரும் என்று தோன்றுகிறது.

ஆறு மாதம் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்துப் பார்த்தேன். இந்தியத் தெருக்களை வண்ணத்தில் எடுத்த புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கின் படங்களைக் கூர்ந்து பார்த்துப் பழகினேன். அவரைப் போலச் செய்வதில்தான் அது முடிந்தது. வங்காளம் பேசக் கற்று, கேட்டுவிட்டு எடுத்தால் மக்கள் விறைத்து நிற்கிறார்கள்.

ஒரே ஒரு படம் விதிவிலக்கு. கடந்த ஆடி மழையில், லேக் மார்க்கெட்டில் வாழையிலை விற்கும் பெரியவர் ஒருவர், நனைந்த பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தம் முழங்காலில் ஒட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். இலை வாங்க நின்றவன், முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்து எடுத்த படம் அது. அதை மட்டும் என்னுடையதென்று மனம் ஏற்கிறது.

பிழைக்க வந்த ஊரில் படமெடுக்கும் நண்பர்களே, நகரெங்கும் அலைவதை விட்டு அந்த லேக் மார்க்கெட் சந்தையிலேயே ஓராண்டு எடுப்பது சரியான வழியா?